பிபி பார்க்கும்போது கை எந்த உயரத்தில் இருக்கிறது?

வீட்டில் பிபி மெஷின் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டோ மடியில் வைத்துக்கொண்டோ பார்த்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும், அது மெஷினின் கோளாறு இல்லை.

உள்ளே இருக்கும் பிரஷர் சென்சார் ஒரு சின்ன சிலிக்கான் சில்லு. அதன் நடுவில் சவ்வு மாதிரி மெல்லிய பகுதி, கையில் கட்டும் பட்டையில் ஏறும் காற்று அழுத்த அழுத்த அது வளையும், வளையும்போது அதில் பதித்திருக்கும் மின்தடைகளின் மதிப்பு மாறும், அந்த மாற்றம்தான் எண்ணாகத் திரையில் வருகிறது. பட்டைக்குள் காற்று இருக்கும்போது நம் நாடித்துடிப்பு உண்டாக்கும் நுண்ணிய அதிர்வுகளையும் இதே சென்சார்தான் பிடிக்கிறது, அதை வைத்துத்தான் மேல் அளவும் கீழ் அளவும் கணக்கிடப்படுகின்றன. பேசினாலோ கையை அசைத்தாலோ கணக்கு தப்புவது இதனால்தான்.

சரி, உயரத்துக்கு வருவோம். ரத்தமும் ஒரு திரவம்தானே, பட்டை இதயத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் அளவு சுமார் 8 மி.மீ. பாதரசம் (பிபியை அளக்கும் அலகு) கூடும், மேலே இருந்தால் அதே அளவு குறையும். 132 காட்ட வேண்டியது 140 ஆகிவிடும், இது சின்ன வித்தியாசம் இல்லை. மேசையில் ஒரு தலையணை போட்டு, பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி கையைத் தளர்வாக வையுங்கள். மணிக்கட்டில் கட்டும் மெஷின் என்றால் இன்னும் கவனம் வேண்டும், மணிக்கட்டையே நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

அப்புறம், பார்ப்பதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு 5 நிமிடம் சும்மா உட்காருங்கள், சட்டைக்கு மேல் பட்டையைக் கட்டாதீர்கள், ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவையும் பாருங்கள்.