மாநாடு கூடாத நாளிலும் ஃபிஃபா முடிவெடுக்கும்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

2022 ஆகஸ்ட் 16, காலை நேரம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கால்பந்துப் பயிற்சிக்கு மகளைக் கூட்டிவந்த ஓர் அம்மா போனை நீட்டினார். "சார், இந்தியாவ ஃபிஃபா தடை பண்ணிட்டாங்களாமே, இனிமே பொண்ண அனுப்பறதா வேணாமா?" ஃபிஃபா என்பது உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் அமைப்பு. இந்தியக் கால்பந்து வீராங்கனை இந்துமதி கதிரேசனைத் தந்த ஊர் இது. பெண் பிள்ளைகள் பந்து உதைப்பது இங்கே யாருக்கும் புதிதில்லை. விவரம் தெரிந்தவன் மாதிரி நானும் சொன்னேன்: "அதெல்லாம் புரளிம்மா. ஃபிஃபா மாநாடு மார்ச்சிலயே தோஹாவுல முடிஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் கூடினாத்தான் எதுவும் செய்ய முடியும்." மத்தியானத்துக்குள் என் மூக்கு உடைந்தது. தடை உண்மைதான்.

மாநாடு கூடினால்தான் முடிவு என்று நினைப்பதுதான் முதல் தவறு. நம் கட்சிகளை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். 211 உறுப்பு நாட்டுச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் மாநாடு, பொதுக்குழு மாதிரி. 37 பேர் கொண்ட கவுன்சில், செயற்குழு மாதிரி. அந்தக் கவுன்சிலும் கூட நேரமில்லாத அவசரத்துக்கு ஒரு சின்னக் குழு உண்டு. அதற்குப் பெயர் 'பீரோ'. நமக்கு பீரோ என்றால் புடவை அடுக்கும் இரும்பு அலமாரி. அங்கே அது ஏழு பேர். ஃபிஃபா தலைவர் ஒருவர், ஆறு கண்டக் கூட்டமைப்புகளின் தலைவர்கள் ஆறு பேர். காணொலியிலேயே பேசி முடித்துவிடலாம். இந்தியாவுக்குத் தடை போட்டதும் இந்த பீரோதான். தேவனாம்பட்டினத்தில் போய் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். கடலுக்குப் போன படகு திரும்பவில்லை என்றால் ஊர்க்கூட்டம் போடும்வரை யாராவது காத்திருப்பார்களா? பெரியவர்கள் நாலு பேர் முடிவெடுத்து ஆளனுப்புவார்கள். ஊருக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அந்த 'பிறகு சொல்வது' ஃபிஃபா விதியிலும் உண்டு. பீரோவின் முடிவை அடுத்த கவுன்சில் கூட்டத்தில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். இதைப் படித்துவிட்டு, ஒப்புதல் வரும்வரை அது வெறும் பேச்சுதான் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லை, அறிவித்த நிமிடமே நடைமுறைதான். கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கிய நேரத்தில்தான் இந்தத் தடை வந்தது. ஒப்புதலாவது ஒன்றாவது, ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஊர் திரும்பினார்கள்.

இதற்கு நேர்மாறாக, 'எல்லாம் போச்சு' என்று தலையில் கை வைப்பதும் தவறே. தடைபட்டது நாட்டுச் சங்கத்தின் சர்வதேச உறவு மட்டும். உள்ளூர் ஆட்டத்தை யாரும் நிறுத்தவில்லை. தடைச் செய்தி வந்த அதே 16-ஆம் தேதி கொல்கத்தாவில் டூரண்ட் கோப்பைக் கால்பந்துப் போட்டி தொடங்கியது. அந்த அம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். தவிர, இப்படி விதிக்கும் இடைநீக்கம் அதிகபட்சம் அடுத்த மாநாடு வரைதான். அதற்குள் காரணம் தீர்ந்தால், பூட்டிய கையே திறந்துவிடலாம். இந்தியச் சங்கத்தை நடத்த உச்ச நீதிமன்றம் நியமித்திருந்த நிர்வாகிகள் குழுதான் தடைக்குக் காரணம். அந்தக் குழுவை ஆகஸ்ட் 22 அன்று நீதிமன்றமே முடிவுக்குக் கொண்டுவந்தது. 26-ஆம் தேதி தடை நீங்கிய அறிவிப்பு வந்தது, அதையும் பீரோவே செய்தது. அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை திட்டமிட்டபடி இந்தியாவிலேயே நடந்தது.

'எல்லாம் தலைவர் ஒருத்தர் முடிவுதான்' என்று டீக்கடையில் அடித்துப் பேசுவோம். அவருடைய செல்வாக்கு எவ்வளவு என்பது வேறு பேச்சு. எழுத்தில் இருக்கும் அதிகாரம் அமைப்புக்கு அமைப்பு மாறும். ஒலிம்பிக் சாசனத்தில் தலைவரே தனியாக முடிவெடுக்க இடமுண்டு, உரிய அவையின் ஒப்புதலைச் சீக்கிரம் பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆனாலும் டோக்கியோ ஒலிம்பிக்கைத் தள்ளிவைக்கும் முடிவை 2020 மார்ச் 24 அன்று நிர்வாகக் குழுதான் எடுத்தது.

முதல் அறிவிப்போடு செய்தியை மூடிவிடுவதும் ஆபத்து. உக்ரைன் போர் தொடங்கிய சில நாளில், 2022 பிப்ரவரி 27 அன்று, ரஷ்யா கொடியில்லாமல், பொது இடத்தில் ஆடலாம் என்றது பீரோ. போலந்தும் ஸ்வீடனும் செக் நாடும் ரஷ்யாவோடு ஆடவே மாட்டோம் என்று நின்றன. மறுநாளே முழுத் தடை.

நாங்கள் நிஜமாகவே சிக்கிக்கொண்டது வேறு இடத்தில். ஆட்ட விதிகளை மாற்றுவது ஃபிஃபா இல்லை. ஐஃபாப் என்கிற தனி அமைப்பு. அதில் மொத்தம் எட்டு வாக்கு: பிரிட்டனின் நாலு சங்கங்களுக்கு ஆளுக்கு ஒன்று, ஃபிஃபாவுக்கு நாலு. ஆறு வாக்கு கிடைத்தால்தான் விதி மாறும். 2020-இல் பிப்ரவரி 29 அன்றே பெல்ஃபாஸ்டில் ஆண்டுக் கூட்டம் முடிந்துவிட்டது. பிறகுதான் கொரோனா. மே 8 அன்று, கூட்டங்களுக்கு நடுவிலேயே, ஐந்து மாற்று வீரர்களுக்குத் தற்காலிக அனுமதி வந்தது. போட்டி நடத்துகிறவர்கள் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் வாசகம். நாங்கள் படித்தது தலைப்பை மட்டும்.

ஊரடங்கு தளர்ந்தபின் நடந்த உள்ளூர்ப் போட்டி ஒன்றில், எழுபதாவது நிமிடம் எங்கள் பயிற்சியாளர் நாலாவது ஆளை இறக்கினார். எதிரணி மேனேஜர் துண்டை உதறிக்கொண்டு கோட்டுக்குள் வந்துவிட்டார். "மூணுதான்!" "டிவி பாக்கலையா, அஞ்சு!" நடுவர் சட்டைப்பையிலிருந்து போட்டி நோட்டீஸை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். பரிசுத் தொகை இருந்தது, நுழைவுக் கட்டணம் இருந்தது, நன்கொடையாளர் படம் இருந்தது. மாற்று வீரர் எண்ணிக்கை இல்லை. இருபது நிமிடம் ஆட்டம் நின்றது. கடைசியில் எங்கள் பையன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டு பெஞ்சுக்குப் போனான்.

2022 ஜூலை 1 முதல் ஐந்து பேர் வரை என்பது விதிப் புத்தகத்திலேயே நிரந்தரமாகிவிட்டது. இருந்தாலும் எங்கள் நோட்டீஸில் 'மாற்று வீரர்கள் 5, வாய்ப்பு 3, இடைவேளை கணக்கில் சேராது' என்ற வரியை நன்கொடையாளர் படத்துக்கு மேலேயே அடிக்கச் சொல்கிறோம். அச்சகத்துக்காரர் ஒவ்வொரு தடவையும் அதைக் கீழே இறக்கப் பார்க்கிறார்.