பூனைக்கு வீட்டில் சுகர் பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன ஞாயிறு மதுரை அண்ணாநகரில் தெரிந்த அக்கா ஒருவர், தன் பூனையின் சுகர் கணக்கு எழுதிய நோட்டைக் காட்டினார். காலை 6 மணிக்கு ஒரு எண், சாயங்காலம் 6 மணிக்கு ஒரு எண், பக்கத்தில் ஏறிக்கொண்டே போகும் இன்சுலின் யூனிட். நாலு வருடத்துக்கு முன் நான் வைத்திருந்த நோட்டும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது. ஸ்டிரிப்பைத் தலைகீழாகச் சொருகுவதையெல்லாம் இங்கே எழுதவில்லை, அது மீட்டரே சொல்லிவிடும்.

ஊசிக்கு முன்னால் மட்டும் பார்ப்பது

எங்கள் பூனையின் பெயர் சீனி. குட்டியிலேயே வைத்த பெயர், நோய் வந்த பிறகு வைத்ததில்லை. கிளார்ஜின் இன்சுலின், 12 மணி நேரத்துக்கு ஒரு யூனிட். காலையில் பார்த்தால் 380, மறுநாள் 365. மருந்து பிடிக்கவில்லை என்று நானே முடிவுகட்டி, ஒன்றை ஒன்றரையாக்கி, இரண்டாக்கி, ஒரே வாரத்தில் மூன்றுக்குக் கொண்டுபோனேன், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அம்மாவுக்கு வருடக்கணக்கில் ஊசி போட்ட திமிர்.

ஊசிக்கு முன்னால் வரும் எண், முந்தைய ஊசியின் வேகம் ஓய்ந்த நேரத்து எண். அது பொதுவாக மேலேதான் நிற்கும். சுகர் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது நடுவில், பெரும்பாலும் ஊசி போட்டு 4 முதல் 8 மணி நேரத்துக்குள்தான் தெரியும். அந்த நேரத்தில் நான் கடையில் இருப்பேன். ஒரு நாள் மதியம் சாப்பிட வந்தால், கட்டிலுக்கு அடியில் சீனி குடித்தவன் மாதிரி தள்ளாடுகிறது. குத்திப் பார்த்தேன், 38. குளுக்கோஸ் பவுடரைக் குழைத்து ஈறில் தடவிவிட்டு (வாய்க்குள் ஊற்றாதீர்கள், புரையேறும்) ஆட்டோ பிடித்து ஓடினோம். பிழைத்துவிட்டது, இரண்டு நாள் டிரிப்ஸோடு. இப்போது நினைத்தாலும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

கிளார்ஜினின் முழு வேலையும் தெரிய சில நாள் ஆகும், தினமும் கூட்டுவது அர்த்தமே இல்லாத வேலை. வாரத்தில் ஒரு லீவு நாளில் காலை ஊசியிலிருந்து 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, 12 மணி நேரம் குத்திப் பார்த்து எழுதுங்கள். அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். அக்கா நேற்று மதியம் பார்த்திருக்கிறார்: 71. காலையில் 340. சாயங்காலம் அரை யூனிட் கூட்டுவதாக இருந்தாராம்.

ஸ்டிரிப் டப்பாவைக் கண்ட இடத்தில் வைப்பது

பெரும்பாலான டப்பாக்களில் 30 டிகிரிக்கு மேல் கூடாது என்று போட்டிருக்கும். மதுரை மே மாதத்தில் வண்டிப் பெட்டிக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா? அதற்காக ஃப்ரிட்ஜுக்குள்ளும் வேண்டாம், திறக்கும்போது ஈரம் கோத்துக்கொள்ளும். உள்ளறை அலமாரி, இறுக்கிய மூடி, போதும்.

கிளினிக் எண்ணை நம்பிப் பதறுவது

கோரிப்பாளையம் ஹாரன் சத்தத்தில் கூடைக்குள் நடுங்கிக்கொண்டு வந்த பூனைக்கு, சுகர் வியாதியே இல்லாவிட்டாலும் 300 காட்டலாம். பயம் அப்படி.

மீட்டரை மாற்றி மாற்றிப் பார்ப்பது

மனிதர்களுக்கான மீட்டர் பூனைக்குக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். எதை எடுத்தாலும் அதிலேயே இருங்கள், எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஊசி மூடியின் நிறம்

சிவப்பு மூடி ஊசி, மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு. ஆரஞ்சு, 100 யூனிட் உள்ளதற்கு. சீனிக்குப் போடும் கிளார்ஜின் 100. சிவப்பு ஊசியில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு ஏறும்.

குளிர்ந்த காதில் குத்துவது

ரத்தம் வராது. வெந்நீரில் பிழிந்த துணியை அரை நிமிடம் வைத்து, துடைத்து, காதின் ஓரத்தில் குத்துங்கள். முடிந்ததும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. சீனி மீட்டர் பையின் ஜிப் சத்தம் கேட்டாலே வந்து காதை நீட்டுவது அந்தக் கோழிக்காகத்தான், என்மேல் பாசத்தில் இல்லை.