அப்பா அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் சொல்லிக்கொடுப்பது எப்படி?

வீட்டுப் பெரியவர்களுக்கு ஸ்மார்ட்போன் பழக்கிவிடப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: போன் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். "இங்க குடுங்க, நான் பண்ணித் தரேன்" என்று வாங்கி, மடமடவென்று நாலு இடத்தில் தட்டித் திருப்பிக் கொடுத்தால் அன்றைய வேலை முடியும். ஆனால் மறுநாளும் அதே கேள்வி வரும், நீங்கள் சலித்துக்கொள்வீர்கள், அப்புறம் அவர்கள் கேட்பதையே விட்டுவிடுவார்கள். உங்களிடம் கேட்க முடியாதவர், போனில் கூப்பிட்டு இனிமையாகப் பேசும் யாரோ ஒருவன் சொல்வதைக் கேட்பார்.

அவர்களுக்கு ஏன் இவ்வளவு தடுமாற்றம்? ரேடியோ, டிவி, டயல் சுற்றும் போன், அப்புறம் வந்த பட்டன் செல்போன் என்று அவர்கள் பழகிய எல்லாவற்றிலும் பட்டன் கண்ணுக்குத் தெரியும், இடம் மாறாது. இப்போதைய போனில் மேலிருந்து இழுத்தால் ஒன்று, ஓரத்திலிருந்து இழுத்தால் இன்னொன்று, இது எதுவும் திரையில் எழுதியிருக்காது. பத்து வயதுப் பிள்ளை பயமில்லாமல் தட்டிப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. காசு சேர்த்துச் சேர்த்துப் பொருள் வாங்கிய தலைமுறைக்கோ, எதையாவது தொட்டால் கெட்டுப்போகும் என்ற பயம் விடாது. அதனால் ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் செட்டிங்ஸில் நேவிகேஷன் என்று தேடி, கீழே மூன்று பட்டன் தெரிகிற மாதிரி மாற்றிவிடுங்கள். வழி தவறினால் நடுப் பட்டனை அழுத்தினால் போதும், முதல் திரைக்கு வந்துவிடலாம், எதுவும் கெடாது என்று பத்து தடவை அவர்களையே செய்ய வையுங்கள். இது ஒன்று பிடிபட்டாலே பயம் பாதி போய்விடும்.

அடுத்து விரல். பெரியவர்கள் அழுத்தி, கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுப்பார்கள்; போன் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டு ஐகானை இடம் மாற்றிவிடும், "என் வாட்ஸ்அப் காணோம்" என்பார்கள். அக்செசிபிலிட்டி செட்டிங்ஸில் தொட்டு வைத்திருக்கும் நேரத்தை அதிகமாக்கலாம். எழுத்து அளவைக் கூட்டும்போதே டிஸ்ப்ளே அளவையும் சேர்த்துக் கூட்டுங்கள், இரண்டும் தனித்தனி. முதல் திரையில் ஐந்தாறு ஐகான் போதும். தமிழில் டைப் செய்யச் சொல்லி வதைக்க வேண்டாம், கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்துவிட்டால் மைக்கைத் தொட்டுப் பேசினாலே எழுத்தாகிவிடும்.

எதிலிருந்து தொடங்குவது என்பதை அவர்களே சொல்லட்டும். அம்மாவுக்குப் பேரனோடு வீடியோ கால் வேண்டும் என்றால் அதுதான் முதல் பாடம். அப்பா மத்திய அரசு பென்ஷன் வாங்குபவர் என்றால் நவம்பரில் ஆயுள் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும். ஜீவன் பிரமான் ஆப்பில் முகத்தைக் காட்டியே அதை முடிக்கலாம், 2021-லிருந்து இந்த வசதி இருக்கிறது. முதல் முறை பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வையுங்கள், வரிசையில் போய் நிற்காமல் தானே முடித்தார் என்றால் அடுத்த பாடத்துக்கு அவரே கூப்பிடுவார். ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் அவர்கள் கையெழுத்தில், அவர்கள் வார்த்தையில் எழுதிக்கொள்ளட்டும். 'பச்சை போன் படத்தைத் தொடவும்' என்று அவர்கள் எழுதுவதுதான் அவர்களுக்குப் பின்னாடி உதவும்.

வாட்ஸ்அப்பில் நாலு வேலை நீங்களே செய்யலாம், ஆனால் என்ன செய்தீர்கள் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் கால் ஒலிக்காமல் இருக்க வையுங்கள். குரூப்பில் சேர்க்கும் உரிமையைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, அதற்கு வைக்கும் ரகசிய எண்ணையும் நோட்டில் குறித்துவிடுங்கள்.

பணம்தான் கடைசிப் பாடம். ஜிபேயோ போன்பேயோ, பென்ஷன் வரும் கணக்கை இணைக்காதீர்கள், தனியாக ஒரு கணக்கில் இரண்டாயிரம் மூவாயிரம் போட்டு அதை இணையுங்கள். உங்களுக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பழகட்டும். யூபிஐ பின் என்பது பணம் அனுப்பவும் பேலன்ஸ் பார்க்கவும்தான், நமக்கு வர வேண்டிய பணத்துக்கு அந்தப் பின் நம்பரைப் போடச் சொன்னால் அது திருட்டு, இதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லும்வரை விடாதீர்கள்.

இன்று ராத்திரி கரண்டைத் துண்டிப்போம் என்று வரும் மெசேஜ், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வந்து, தொட்டால் திருட்டு ஆப்பை போனில் ஏற்றும் ஏபிகே ஃபைல், திரையைப் பகிரச் சொல்லும் 'பேங்க் ஆபீசர்', எல்லாவற்றையும் முன்கூட்டியே காட்டிவையுங்கள். போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டினால், நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது, உடனே கட் செய்துவிட்டு உங்களைக் கூப்பிட வேண்டும்.

அப்படியும் பணம் போய்விட்டால் முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. உங்கள் திட்டுக்குப் பயந்து அவர்கள் இரண்டு நாள் மறைத்தால் அந்த நேரத்தில் பணம் பல கணக்குகள் தாண்டிப் போயிருக்கும். என்ன நடந்தாலும் கோபப்பட மாட்டேன் என்று இப்போதே சொல்லி, 1930 எண்ணை அவர்கள் போனிலும் பதிந்துவிடுங்கள்.