நனைந்த பெல்ட், நகராத வண்டி

ஓடையைக் கடந்து கரையேறும்போது என் சைடு-பை-சைடு வண்டி (பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கரடுமுரடான பாதையில் ஓட்டும் வண்டி) நின்றுவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் உறுமியது. ரப்பர் கருகும் நாற்றம் வேறு. இன்ஜினின் விசையைப் பெல்ட் வழியாகச் சக்கரங்களுக்குக் கடத்தும் சிவிடி பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து பெல்ட் வழுக்குகிறது என்று புரிந்தது. உடனே காலை எடுத்தேன். வழுக்க வழுக்க மிதித்தால் பெல்ட் ஒரே இடத்தில் சூடேறித் தேய்ந்துவிடும். பெட்டியின் அடியில் இருக்கும் வடிகால் அடைப்பைக் கழற்றி, நியூட்ரலில் இன்ஜினை விட்டு விட்டு முடுக்கினேன். தண்ணீர் வடிந்து பெல்ட் காய்ந்ததும் பிடிப்பு திரும்பியது. அப்போதுதான் மூச்சே வந்தது.

வீட்டில் பார்த்தால், சிவிடிக்குக் காற்று வரும் குழாயின் கிளாம்ப் தளர்ந்திருந்தது. இறுக்கினேன். பெல்ட் ஓடும் புல்லியின் முகங்களை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். பழைய பெல்ட் வழுக்கிப் பளபளப்பேறிப் பிடிப்பிழந்திருந்ததால் புதிது மாட்டி, முதல் ஓட்டங்களில் மெதுவாகவே ஓட்டிப் பழக்கினேன். பெல்ட்டுக்குச் சுமை குறைய, இப்போது ஏற்றத்திலும் பாறையிலும் லோ கியர்தான்.