இங்கிலீஷ்ல பெரிய வார்த்தையெல்லாம் படிச்சு வாயில வரவைக்க வழி

பாளையங்கோட்டைக்கு தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டுன்னு பேரு. ஆனா இங்க ஐஈஎல்டிஎஸ்க்கும் (வெளிநாடு போறவங்க எழுதுத இங்கிலீஷ் பரிச்ச) பேங்க் எக்ஸாமுக்கும் படிக்க பிள்ளைக என்ன செய்யுதுன்னா, எங்கயோ ஒரு வேர்ட் லிஸ்ட் பிடிஎஃப்ப எடுத்து ஏ-ல இருந்து மனப்பாடம் பண்ணுது, டி வாரதுக்குள்ள ஏ மறந்து போயிருது. அத மொதல்ல நிப்பாட்டுங்க.

ஐஈஎல்டிஎஸ் எழுதுதவங்களுக்கு அகடமிக் வேர்ட் லிஸ்ட்னு ஒன்னு இருக்கு, நியூசிலாந்துல ஏவ்ரில் காக்ஸ்ஹெட்னு ஒரு அம்மா 2000-ல வெளியிட்டது, காலேஜ் பாட எழுத்துல திரும்பத் திரும்ப வர 570 வார்த்தைக் குடும்பம், அதாவது ஒரு வார்த்தையும் அதுல இருந்து பொறந்ததும் சேந்தது ஒரு குடும்பம். மத்தவங்களுக்கு இங்கிலீஷ் பேப்பர் தலையங்கம் ஒன்னு போதும், அதுல தெரியாதது நாலஞ்ச மட்டும் குறிச்சுக்கிடுங்க, ஆசப்பட்டு இருவது எடுக்காதீங்க.

இனிதான் முக்கியமான வேல. நோட்டுல வார்த்தைக்கு எதுக்க தமிழ் அர்த்தம் எழுதி வச்சா பரிச்சையில டிக் அடிக்கலாம், பேச வராது. ஏன்னா ஒவ்வொரு வார்த்தைக்கும் கூடவே வர கூட்டாளி வார்த்த உண்டு, அதோட சேத்துதான் எழுதணும். நொட்டோரியஸ்னா பேர் போனதுன்னு மட்டும் எழுதி வச்சிட்டு நெல்லையப்பர் கோயில நொட்டோரியஸ்னு சொன்னா வம்பு, அது கெட்ட பேருக்குத்தான் வரும், ட்ராஃபிக்குக்கு வேணா 'நொட்டோரியஸ் ஃபார்' போட்டுக்கிடலாம். கோயிலுக்கு ரினௌன்ட். மிட்டிகேட்னு (கொறைக்கது) பாத்தா தனியா எழுதாதீங்க, 'மிட்டிகேட் த ரிஸ்க்'னு முழுசா எழுதுங்க.

அடுத்தது, உதாரண வாக்கியத்த நம்மூர வச்சே போடுங்க. இனன்டேட்னு ஒரு வார்த்த, 2023 டிசம்பர்ல தாமிரபரணி ஊருக்குள்ள வந்தத யாரும் மறக்கமாட்டோம்லா, 'த ரிவர் இனன்டேட்டட் த ஸ்ட்ரீட்ஸ்'. அதே வார்த்த வேல குமிஞ்சாலும் வரும், ஆவணி மாசம் கல்யாண மண்டபக்காரர் 'வி ஆர் இனன்டேட்டட் வித் புக்கிங்ஸ்'னு சொல்லலாம். ஒன்னுல ரெண்டு அர்த்தமும் ஒட்டிக்கிடும்.

வார்த்தைய பிச்சுப் பாத்து அர்த்தம் ஊகிக்கச் சொல்லுவாங்க, மால்னு ஆரம்பிச்சா பெரும்பாலும் கெட்டது, பெனெனு ஆரம்பிச்சா நல்லதுன்னு. உதவும்தான், ஆனா முழுசா நம்பிராதீங்க, டேங்கர் லாரி பின்னால இன்ஃப்ளேமபிள்னு எழுதியிருக்கும் பாருங்க, இன் வந்துட்டே, அப்ப தீப்பிடிக்காதுன்னு நெனச்சு பக்கத்துல பீடி பத்தவச்சா முடிஞ்சது கத.

மறக்காம இருக்க, எழுதுனத மறுநாள், மூனு நாள் கழிச்சு, ஒரு வாரம் கழிச்சுன்னு இடைவெளி விட்டு, பாக்காம சொல்லிப் பாருங்க. ஆங்கின்னு ஒரு ஆப் இருக்கு, ஆண்ட்ராய்டுல ஃப்ரீ, அந்தக் கணக்க அதுவே பாத்துக்கிடும். சும்மா திரும்பத் திரும்ப வாசிக்கது படிச்ச மாதிரி தோணும், அவ்வளவுதாம்.

இன்னொன்னு, படிச்சாச்சுன்னு எல்லா இடத்துலயும் கொட்டாதீங்க. லீவ் லெட்டர்ல 'கமென்ஸ்' (ஆரம்பிக்கது) வந்தா ஓக்கே, கூட்டாளிகிட்ட படம் கமென்ஸ் ஆயிட்டான்னா சிரிப்பான். ஆக்ஸ்போர்ட் லேர்னர்ஸ் டிக்சனரி நெட்ல ஃப்ரீயா இருக்கு, அதுல ஃபார்மல், இன்ஃபார்மல்னு போட்டிருக்கும், ஸ்பீக்கர் படத்த அமுக்குனா உச்சரிப்பும் கேக்கும். கண்டிப்பா கேளுங்க, ஹைப்பர்போல்னு படிச்சிட்டுப் போனா இன்டர்வியூல மாட்டிக்கிடுவீங்க, அது ஹைபர்பலி, மிகைப்படுத்திச் சொல்லுததுக்குப் பேரு.