வீட்டுக் கடனை மூடும்போது கூடுதலாகப் பிடித்த கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம்

பிரிட்டனில் வீட்டுக் கடனை அடைத்து முடித்தவர்களும் வேறு வங்கிக்கு மாற்றியவர்களும், கணக்கை மூடுவதற்காக வசூலிக்கப்பட்ட நிர்வாகக் கட்டணத்தை, கடன் வாங்கியபோது ஒப்பந்தத்தில் குறித்திருந்த தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்து, கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசத்தை எழுத்து மூலம் திரும்பக் கேட்பது நல்லது. இந்தக் கட்டணம் கணக்கை மூடும் வேலைக்கான செலவை ஒட்டியதாக இருக்க வேண்டும் என்றும், நியாயமற்ற முறையில் இடையில் உயர்த்தக் கூடாது என்றும் அந்நாட்டில் அப்போது நிதி நிறுவனங்களைக் கண்காணித்து வந்த நிதிச் சேவைகள் ஆணையம் 2007 ஜனவரியில் அறிவித்ததால், கேட்பவரின் பக்கம் வலுவாக உள்ளது. நிறுவனம் மறுத்தாலோ, 8 வாரங்களுக்குள் முடிவான பதில் தராவிட்டாலோ, நிதிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மறுப்புக் கடிதம் வந்திருந்தால் அதன் தேதியிலிருந்து 6 மாதங்களுக்குள் முறையிட வேண்டும். ஒரே ஒரு கடிதத்தில் முடியக்கூடிய இந்த வேலைக்கு, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கும் இடைத்தரகர்கள் தேவையே இல்லை.

கடனைத் தவணைக்கு முன்பே அடைப்பதற்கான அபராதத் தொகை முற்றிலும் வேறானது என்பதால், அதற்கு இந்த வழி பொருந்தாது. ஒப்பந்தத்தில் இருந்த தொகையையே வசூலித்திருந்தாலும் கேட்பதற்குப் பெரும்பாலும் இடமில்லை. கட்டணம் செலுத்தி 6 ஆண்டுகளும், விஷயம் தெரியவந்து 3 ஆண்டுகளும் கடந்திருந்தால், பொதுவாகக் குறைதீர்ப்பாளர் முறையீட்டை ஏற்கமாட்டார்.