புதுச்சேரியில் லேப்டாப்புடன்: ஊருக்கு வந்தும் அலுவலக வேலை பார்ப்பவர்களுக்கு

கஃபேயைத் தேடும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து, புதுச்சேரியில் இருந்தபடியே அங்கத்திய அலுவலக வேலையைப் பார்க்கலாமா என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். பாரிஸில் காலை 9 மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் பகல் 1.30, கோடையில் 12.30. லண்டன்காரர்களுக்கு 2.30, 1.30. அதாவது ஐரோப்பாவில் வேலை பார்ப்பவர்களுக்குக் காலைப்பொழுது முழுக்கச் சொந்தம். கோயிலுக்குப் போகலாம், பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அலையலாம், அத்தை வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாக வரலாம். இவர்களுக்குப் புதுச்சேரியைப் போலப் பொருந்துகிற ஊர் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு வேலை காலை 6.30க்கே தொடங்கிவிடும். அந்த நேரத்தில் திறந்திருப்பது டீக்கடைதான். முதல் இரண்டு மணி நேரத்தை அறையில் முடித்துக்கொண்டு கஃபேக்குப் போகலாம். டொரொன்டோ, நியூயார்க் என்றால் கஃபே ஆசையை விட்டுவிடுவது நல்லது. அங்கே காலை 9 மணி ஆகும்போது இங்கே குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30. கஃபேக்கள் அதன்பிறகு அதிக நேரம் திறந்திருக்காது. நீங்கள் தேட வேண்டியது நல்ல இணைப்பும் நாற்காலியும் உள்ள அறையைத்தான்.

இனி இடம். ஊரின் பழைய பகுதியை வடக்குத் தெற்காக ஒரு வாய்க்கால் பிரிக்கிறது. அதற்குக் கிழக்கே கடற்கரைவரை இருப்பதை இப்போது எல்லோரும் ஒயிட் டவுன் என்கிறார்கள். மேற்கே தமிழர் பகுதி. படங்களில் நீங்கள் பார்க்கிற மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, முற்றத்தில் மேசை போட்ட கஃபேக்கள் பெரும்பாலும் கிழக்கே, சுஃப்ரேன் வீதி, துய்மா வீதி, ரொமேன் ரோலன் வீதிப் பக்கம் இருக்கின்றன. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்த வீடுகளின் சுவர் கனமான செங்கலும் சுண்ணாம்புக் காரையும். ரவுட்டர் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்தால், இரண்டு சுவர் தாண்டிய உள்ளறையில் வைஃபை திணறும், கைப்பேசி சிக்னலும் குறையும். முற்றத்தில் சிக்னல் நன்றாக இருக்கும், ஆனால் அந்தி சாயும்போது கொசு வரும். என் அனுபவத்தில், தெருப்பக்க சன்னலை ஒட்டிய மேசையே சிறந்தது.

உட்கார்ந்தவுடன் மெனு கார்டைப் பார்க்காதீர்கள், சுவரில் பிளக் பாயிண்ட்டைப் பாருங்கள். பரிமாறுகிற தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தம்பி, கரண்ட் போனா இந்தப் பாயிண்ட் யுபிஎஸ்ல ஓடுமா? வைஃபை நிக்குமா?” பல கடைகளில் யுபிஎஸ் லைனில் விளக்கும் மின்விசிறியும் மட்டுமே இருக்கும். கரண்ட் போனதும் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், ரவுட்டர் செத்துவிடும், நீங்கள் மீட்டிங்கிலிருந்து காணாமல் போயிருப்பீர்கள். பராமரிப்புப் பணிக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்தும் நாட்களை முன்கூட்டியே உள்ளூர் நாளிதழ்களில் போடுவார்கள். தங்கியிருக்கும் வீட்டில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

பிளக் விஷயம் ஒன்று. ஐரோப்பாவின் இரண்டு முள் சார்ஜர் இங்கே பெரும்பாலும் நேராகவே பொருந்திவிடும். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு அடாப்டர் வேண்டும். விமான நிலையத்தில் வாங்காதீர்கள், நேரு வீதியை ஒட்டிய எலெக்ட்ரிக்கல் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். மூன்று பாயிண்ட் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் பாயிண்ட் எப்போதும் அடுத்த மேசைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

இணையத்துக்குக் கடை வைஃபையை நம்பி வராதீர்கள். இந்தியாவில் பொது வைஃபைகள் பலவும் ஓடிபி கேட்கும், பல இடங்களில் அது இந்திய எண்ணுக்குத்தான் வரும். வந்த முதல் நாளே ஜியோவோ ஏர்டெல்லோ ஒரு சிம் எடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட், விசா அல்லது ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை), புகைப்படம், தங்குமிட முகவரி இவை கையில் இருக்கட்டும். இயங்கத் தொடங்கச் சில மணி நேரமோ ஒரு நாளோ ஆகும் என்பதால், அன்றைக்கே முக்கியமான அழைப்பை வைத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டு சிம்மையும் கழற்றிவிட வேண்டாம். உங்கள் வங்கியும் அலுவலகமும் அனுப்புகிற ஓடிபி அதற்குத்தான் வரும். இரண்டு சிம் போடும் கைப்பேசி இருந்தால் பாதித் தலைவலி தீர்ந்தது. அலுவலக விபிஎன் (வெளியிலிருந்து அலுவலகக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் இணைப்பு) இந்தியாவிலிருந்து திறக்கிறதா, நிறுவனமே இந்திய இணைப்பைத் தடுத்து வைத்திருக்கிறதா என்பதைப் புறப்படும் முன் ஐடி பிரிவில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காகித வேலையையும் தட்டிக்கழிக்க முடியாது. சுற்றுலா விசா வேலைக்காகக் கொடுக்கப்படுவதல்ல. வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கிருந்து இணையம் வழியாக வேலை பார்ப்பவர்களுக்கென்று இந்தியாவில் தனி விசாவும் கிடையாது. அடிக்கடி வருகிறவர்கள், தகுதி இருந்தால் ஓசிஐ அட்டை எடுத்துவிடுவதே நிம்மதி. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றில் பெரியவர்கள் எடுத்திருப்பார்கள், பிள்ளைகளுக்கு எடுக்காமல் விட்டிருப்பார்கள். அதைக் கவனியுங்கள். வருமான வரிக்கு நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அதற்குள் 182 நாள் தங்கிவிட்டால் நீங்கள் இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படுவீர்கள். குறைவாகத் தங்கினாலும் கேள்வி வரக்கூடிய நிலைகள் உண்டு. மாதக்கணக்கில் இருக்கப் போகிறவர்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். சுங்கத்தில் 18 வயது நிறைந்த பயணி ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டு வரலாம். அலுவலகத்துடையது ஒன்று, சொந்தம் ஒன்று என்று இரண்டைத் தூக்கி வந்தால் கேள்வி கேட்பார்கள்.

கஃபேக்காரர் பக்கத்தையும் நாம் நினைக்க வேண்டும். சனி, ஞாயிறு சென்னையும் பெங்களூரும் மொத்தமாக இங்கே இறங்கிவிடும். வாசலில் ஆட்கள் காத்து நிற்க, நாலு பேர் உட்காரும் மேசையில் ஒரு காபிக் கோப்பையோடு நாம் மதியம் முழுக்க இருப்பது நியாயமே இல்லை. வார நாட்களில் போங்கள். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலையும் 3 மணிக்குமேல் போங்கள். முதல் மீட்டிங்கை அறையிலேயே முடித்துவிட்டு வந்தால் கணக்குச் சரியாக வரும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறையாவது ஏதாவது ஆர்டர் சொல்லுங்கள், சின்ன மேசையில் உட்காருங்கள், கிளம்பும்போது பரிமாறியவர் கையில் கொஞ்சம் கொடுங்கள். நாள் முழுக்க அழைப்பிலேயே இருக்கும் வேலை என்றால் கஃபே வேண்டாம். ஊரில் கோவொர்க்கிங் இடங்கள், அதாவது பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகை அலுவலகங்கள், இருக்கின்றன, நாள் வாடகைக்கும் கிடைக்கும். இன்னொன்று, ஐரோப்பாவில் தமிழில் பேசினால் பக்கத்து மேசைக்குப் புரியாது என்ற பழக்கம் நமக்கு. இங்கே தமிழும் ஆங்கிலமும் எல்லோருக்கும் புரியும், பிரெஞ்சும் பலருக்குப் புரியும். வாடிக்கையாளர் பெயரைச் சத்தமாகச் சொல்லாதீர்கள்.

லேப்டாப் இல்லாமல் போக வேண்டிய இடங்களும் உண்டு. நேரு வீதியின் இந்தியன் காபி ஹவுஸ் கூட்டுறவுச் சங்கத்தின் கடை. சாப்பிட்டதும் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுகிற இடம் அது. கடற்கரைச் சாலையில் இருக்கும் லெ கஃபேயில் அலைச்சத்தம் இருக்கிறது, கூடவே உப்புக்காற்றும் கண்கூசும் வெளிச்சமும் இருக்கின்றன. திரையில் ஒன்றும் தெரியாது. மாலை 6 மணிக்குமேல் அந்தச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். வேலைக்கு நடுவே அரை மணி நேரம் நடந்துவிட்டு வர அதைவிட நல்ல இடம் எது?

வாய்க்காலுக்கு மேற்கேயும் வாருங்கள் என்று அழுத்திச் சொல்வேன். வைசியாள் வீதியில் திண்ணையும் மரத்தூணுமாக வரிசையாய்ப் பழுதுபார்த்து நிறுத்தியிருக்கும் வீடுகள் நம்முடையவை. அங்கும் பழைய வீடுகளில் தங்கும் விடுதிகள் உண்டு. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். 1908இல் பிரிட்டிஷ் அரசின் கைக்குத் தப்பி இங்கே வந்தவர், சென்னையில் நடத்திய வார இதழை இந்த ஊரிலிருந்தே அச்சிட்டு அனுப்பினார். வெளியூர்ப் பத்திரிகை வேலையை இங்கிருந்து பார்த்தவர்களில் அவர் நமக்கு மூத்தவர். உங்கள் காலைப்பொழுதில் ஒன்றை அந்த வீட்டுக்குக் கொடுங்கள்.

மாதம் பார்த்து வாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்த ஊரை ஒட்டித்தான் கரை கடந்தது, தெருக்களில் வெள்ளம் நின்றது. டிசம்பர் விடுமுறைக்கு வருகிறவர்கள் தவிர்க்கவே முடியாத வேலையை அந்த வாரங்களில் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஜனவரி பாதியிலிருந்து மார்ச் தொடக்கம்வரை அருமையான பருவம். மே மாதம் ஏசி இல்லாத முற்றத்தில் லேப்டாப் நம்மைவிட அதிகம் கொதிக்கும்.

கடைசியாக, சொந்தக்காரர்கள். லீவுக்கு வந்த பிள்ளை மதியம் ஆனதும் பையைத் தூக்கிக்கொண்டு கஃபேக்குப் போகிறான் என்றால் பெரியவர்களுக்கு மனம் வருந்தும். வந்த அன்றே உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்: “பெரியம்மா, மத்தியானம் ஒரு மணியிலேர்ந்து ராத்திரி ஒன்பதரைவரை எனக்கு ஆபீஸ். காலையில நான் உங்ககூடத்தான்.” சொன்னபடி காலையில் போய் நில்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறக்காதீர்கள். பெரியம்மாவே அடுத்த வாரம் உங்கள் மீட்டிங் நேரம் பார்த்து விருந்துக்கு ஆள் கூப்பிடுவார்.